முதல் வேண்டாம்

நார்த் ஹேவர்சன், மினசோட்டா
பிப்ரவரி, பனி கொட்டி ஓய்ந்த ஞாயிறு

அரிசோனா வெயிலில் ராணி மாதிரி வீற்றிருக்கும் வெர்னா அக்காவுக்கும், மதிப்புக்குரிய அத்தான் கிளாரன்ஸ் அவர்களுக்கும், கழுத்துவரை பனியில் புதைந்திருக்கும் தம்பி ஹார்லன் பணிவுடன் எழுதிக்கொள்வது. நானும் என் பெண்டாட்டி ஆர்டிஸும் சுமாராக இருக்கிறோம். நம் ஊரில் சுமார் என்றால் பிரமாதம் என்று அர்த்தம் என்பதை அத்தானுக்கு எடுத்துச் சொல். அவர் முழங்கால் எப்படி இருக்கிறது?

உறையைப் பிரித்ததும் உன் மடியில் ஜிகினாத் தூள் கொட்டியிருக்கும். தயவுசெய்து துடைக்காதே, துடைத்தால் பரவும். இங்கே எங்கள் வீட்டில் ரொட்டியில் இருக்கிறது, தலையணையில் இருக்கிறது, என் காதுக்குள்ளும் இருக்கிறது. "ஹார்லன் உட்கார்ந்து கார்டு செய்கிறானாமே, அவனுக்கு என்ன ஆயிற்று?" என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். நூலகத்தில் காப்பி ஊற்றும் லவோன்தான் போன் போட்டுச் சொல்லியிருப்பாள் என்று தெரியும். அவள் சொன்னது பாதி, நடந்தது மீதி. முழுசாக எழுதிவிடுகிறேன், காப்பி போட்டுக்கொண்டு உட்கார்.

ஆர்டிஸ் இந்தக் கார்டுப் பைத்தியத்தில் விழுந்தது நீ அரிசோனா போன பிறகு, அதனால் ஆதியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. சீட்டுக்கட்டில் இருக்கும் சீட்டு அளவுக்கு ஓர் அட்டை. அதற்குள் வண்ணம் தீட்டலாம், நூலால் தைக்கலாம், பழைய தபால்தலை ஒட்டலாம், என்ன கூத்து வேண்டுமானாலும் அடிக்கலாம், அளவு மட்டும் மயிரிழை மாறக்கூடாது. பின்பக்கம் பெயரும் தேதியும் எழுத வேண்டும். விற்கக்கூடாது, விலைக்கு வாங்கக்கூடாது, ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். கை மாறிய கார்டைத் திருப்பிக் கேட்டவனை ஊரை விட்டுத் தள்ளி வைத்த மாதிரிதான். மாதம் ஒரு சனிக்கிழமை நூலகத்தின் கீழ்த்தளத்தில் மேஜை மேல் கார்டுகளைப் பரப்பிவைத்து ஒருவர் கார்டை ஒருவர் குனிந்து பார்த்துக்கொண்டு நடப்பார்கள். சந்தைக் கூட்டம் என்று நினைத்துவிடாதே. நம் ஊர்க்காரர்கள் கூடினால் சந்தையும் துக்க வீடு மாதிரிதான் இருக்கும். ஒருத்தி கார்டை நீட்டுவாள். "ஐயோ, உன் கார்டு எங்க, என் கார்டு எங்க, வேண்டாம்மா" என்பாள் மற்றவள். "அட, சும்மா எடுத்துக்கோ." மறுபடியும் ஒரு வேண்டாம். பிறகு பனியைப் பற்றி நாலு வார்த்தை. மூன்றாவது வேண்டாம் சொல்லும்போதே கை தானாக நீண்டுவிடும். ஒரு கார்டு கை மாறுவதற்குள் காப்பி ஆறிவிடும். நம் அம்மா நம்மை வளர்த்த முறையும் அதுதானே. காப்பி வேண்டுமா என்று கேட்டவுடனே கோப்பையை நீட்டுகிறவனுக்கு நம் ஊரில் யாரும் பெண் கொடுக்கமாட்டார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டல்லூத் பக்கம் யாரோ ஒரு குறும்புக்காரர், ஒன்பது கார்டுகளைச் சேர்த்து வைத்தால் ஒரே படமாக வருகிற மாதிரி வரைந்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொருவரிடம் மாற்றிவிட்டுப் போய்விட்டார். ஆர்டிஸ் எட்டு வருஷமாக அதைத் தேடித்தேடிச் சேர்க்கிறாள். ஒன்பது பைகள் உள்ள பிளாஸ்டிக் தாள் ஒன்று வைத்திருக்கிறாள். அதில் எட்டுப் பைகள் நிரம்பிவிட்டன. மேலே பைன் மரங்கள், கீழே ஏரித் தண்ணீர், இடது பக்கம் படகின் மூக்கு, வலது பக்கம் படகின் வாலும் ஒரு துடுப்பும். நடுப்பை மட்டும் காலி. அதாவது படகு இருக்கிறது, படகில் யார் இருக்கிறார்கள் என்பது தெரியவில்லை. அந்தத் தாளை அடுப்பங்கரை ஜன்னல் பக்கத்தில் மாட்டிவைத்து, பாத்திரம் கழுவும்போதெல்லாம் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருப்பாள். பாவம், எப்படி ஏங்கிப்போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். நாற்பது வருஷம் ஊரார் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸையெல்லாம் ரிப்பேர் பார்த்தவன், என் பெண்டாட்டியின் ஒரு காலிப் பையை நிரப்ப முடியவில்லையே என்று எனக்கே வெட்கமாக இருக்கும்.

நம் கால்நடை டாக்டருக்குக் குழந்தை பிறந்ததே, அதைப் பார்த்துக்கொள்ள அவர் மாமியார் நியூ ஜெர்சியிலிருந்து வந்தாள். லொரெட்டா என்று பெயர். சத்தமான, நல்ல பெண்மணி. அங்கேயும் கார்டு மாற்றுகிறவளாம், அதனால் ஜனவரிக் கூட்டத்துக்கு வந்துவிட்டாள். லவோன் அவளுக்குக் காப்பி வேண்டுமா என்று கேட்டாள். "குடுங்க" என்றாள் முதல் வார்த்தையிலேயே! லவோன் ஆடிப்போய்விட்டாள், கோப்பை அப்போது அவள் கையிலேயே இல்லை. அது போகட்டும். லொரெட்டா நேராக ஆர்டிஸின் மேஜைக்கு வந்து, அவளுடைய ஆந்தைக் கார்டு ஒன்றைக் கையில் எடுத்து, "இது எனக்கு வேணும். பதிலுக்கு இதை எடுத்துக்கோங்க" என்று தன் பெட்டியிலிருந்து ஒன்றை நீட்டினாள். நான் பக்கவாட்டில் நின்றேன். படம் தெரியவில்லை. பின்பக்கம்தான் தெரிந்தது. அதில் 'ஒன்பதில் ஐந்து' என்று எழுதியிருந்தது. அக்கா, எட்டு வருஷமாகத் தேடின அந்த நடுப்பைக் கார்டு! ஆர்டிஸ் அதை ரொம்ப நேரம் பார்த்தாள். பார்த்துவிட்டு, நல்லபடியாக வளர்க்கப்பட்ட பெண் அல்லவா, "இல்லம்மா, வேண்டாம், ஆந்தையை நீங்க சும்மாவே எடுத்துக்கோங்க" என்றாள்.

நான் இரண்டாவது தடவைக்காகக் காத்திருந்தேன். லவோன் காத்திருந்தாள். அந்த அறையே காத்திருந்தது. லொரெட்டா, "அப்படியா? ரொம்ப தேங்க்ஸ்" என்று ஆந்தையையும் எடுத்துக்கொண்டு, ஐந்தாம் கார்டையும் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டாள்! பட்டப்பகலில் வீடு புகுந்து திருடியிருந்தால்கூட நாங்கள் இவ்வளவு திகைத்திருக்க மாட்டோம். யாராவது வாயைத் திறந்து சொல்லலாமே என்று நீ கேட்பாய். யார் சொல்வது? வந்த விருந்தாளியிடம் போய், "நீங்க இன்னும் ரெண்டு தடவை கேட்டிருக்கணும்" என்று எப்படிச் சொல்வது? லவோன் காப்பிப் பானையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் என் பூட்ஸைப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது காரில் தண்ணீர்த் தொட்டி தாண்டியதும் ஆர்டிஸ், "அழகா வரைஞ்சிருக்காங்க, இல்ல?" என்றாள். "வருத்தமா ஆர்டிஸ்?" என்றேன். "சேச்சே, அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றாள். ஒன்றும் இல்லை என்று ஒருத்தி சொன்னால் எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? அன்றைக்கு ராத்திரி பாத்திரம் கழுவும்போது அந்தக் காலிப் பையைப் பார்த்து லேசாகச் சிரித்துக்கொண்டாள். அழுகையை அடக்கிக்கொள்ள எப்படியெல்லாம் பாடுபடுகிறாள், பாவம். லொரெட்டா ஊருக்குத் திரும்புவதற்குள் அந்தக் கார்டை வாங்கிவிடுவது என்று அப்போதே தீர்மானித்துவிட்டேன்.

முதலில் நாகரிகமாக முயன்றேன். பிறந்த குழந்தையைச் சாக்கு வைத்து, இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டு வேகவைத்த ஹாட்டிஷ் ஒன்றைத் தூக்கிக்கொண்டு டாக்டர் வீட்டுக்குப் போனேன். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதுதானே நமக்குத் தெரிந்த வழி? "குளிர்காலத்துல படகை நினைச்சா மனசு ஒரு மாதிரி ஆயிடுது" என்று ஆரம்பித்தேன். "எனக்குப் படகுன்னா பயம், என்கிட்ட விக்கப் பாக்காதீங்க" என்றாள் லொரெட்டா. "நடுவுல மட்டும் ஏதோ ஒண்ணு குறையற மாதிரி ஆர்டிஸுக்கு ஒரு இது" என்றேன். "டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்றாள். சரி, இன்றைக்கு வேண்டாம் என்று எழுந்தேன். எழுந்தவன் சும்மா வராமல், மரியாதைக்கு, "என்னைக்காவது ஏரிப் பக்கம் வாங்க, பனிக்கட்டி மேல மீன்பிடிக் குடிசை போட்டிருக்கேன்" என்று சொல்லித் தொலைத்தேன். இதைச் சொன்னால் "கட்டாயம் ஒருநாள்" என்று பதில் வரும், சாகும்வரை யாரும் வரமாட்டார்கள், அதுதானே முறை? லொரெட்டா, "நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்றாள்.

வந்தேவிட்டாள் அக்கா. விடிந்தும் விடியாமலும் டாக்டரின் கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் சாண்ட்விச் பொட்டலத்தோடு வந்து நின்றாள். அந்தக் குடிசையில் நான் தனியாக உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் எத்தனை நிம்மதியான குளிர்காலங்களைக் கழித்திருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். அவள் தன் கல்யாணம், தன் தங்கை கல்யாணம், தங்கை கல்யாணத்தில் நடந்த சண்டை எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். நடுநடுவே நான் ஜாடை போட்டேன். "சிலபேருக்குச் சில கார்டோட மதிப்பு தெரியாமலே கையில இருக்கும்" என்றேன். "எங்க வீட்டுக்காரர் சீட்டாட்டமும் அப்படித்தான்" என்றாள். என் ஜாடை ஒன்றுகூட அவளுக்குச் சிக்கவில்லை. நான் வருஷக்கணக்காகத் தூண்டில் போட்டுக் காத்திருக்கும் அந்தப் பெரிய மீன் மட்டும் அவள் தூண்டிலில் சிக்கியது. இப்போது அது போட்டோவாகி நூலகச் சுவரில் இருக்கிறது, பக்கத்தில் நான் வெறும் தூண்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

ஜாடை பலிக்காது என்று தெரிந்ததும், முறைப்படி மாற்றிக்கொள்வது என்று முடிவு செய்தேன். அதற்கு என் கையில் ஒரு கார்டாவது வேண்டுமே. ஆர்டிஸின் கார்டைத் தொட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும். ஆகவே நானே செய்ய ஆரம்பித்தேன். கீழே என் பட்டறையில் மிச்சம் கிடந்த குழாய்த் தகடுகளைத் தகடு வெட்டும் கத்தரியால் அளவாக வெட்டி, ரிவெட் அடித்து, எனக்குத் தெரிந்த ஒரே உருவமான ஃபர்னஸைச் சுரண்டி வரைந்தேன். பார்க்க ரொம்ப வறட்சியாக இருந்தது. ஆர்டிஸின் அலமாரியில் ஜிகினா டப்பா ஒன்று கண்ணில் பட்டது, பட்டறையில் எங்கள் வீட்டு ஃபர்னஸ் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தேன். திறந்தேன். மூடி இறுக்கமாக இருந்ததால் கொஞ்சம் பலமாகத் திறந்தேன். சரியாக அந்த நேரம் பார்த்து ஃபர்னஸ் ஓட ஆரம்பித்தது, அதன் வடிகட்டியைச் சுத்தம் செய்ய நான்தான் கழற்றி வைத்திருந்தேன். நாற்பது வருஷம் ஊருக்கெல்லாம் "வடிகட்டியைக் கழற்றிட்டு ஓட்டாதீங்க" என்று உபதேசம் செய்த அதே ஹார்லன்தான். டப்பாவில் இருந்த அத்தனையும் காற்றுக் குழாய் வழியாக ஏறி, வீட்டின் எல்லா அறைகளிலும் திருவிழா மாதிரிப் பொழிந்தது. மேலே வரவேற்பறையில் பாஸ்டர் லிண்ட்கிரென் ஆர்டிஸோடு ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாராம். கண்ணைத் திறந்தபோது இரண்டு பேரும் மின்னினார்களாம். அடுத்த ஞாயிறு அவர் பிரசங்க மேடையில் தலையை ஆட்டும்போதெல்லாம் முன்வரிசைக் குழந்தைகள் ஆனந்தமாகக் கைதட்டின.

ஆர்டிஸ் திட்டவில்லை. என் தகட்டுக் கார்டைக் கையில் எடுத்துத் திருப்பித்திருப்பிப் பார்த்துவிட்டு, "வித்தியாசமா இருக்கு" என்றாள். நம் ஊரில் அதற்கு மேல் ஒருவனைத் திட்ட வார்த்தை இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் விடவில்லை நான்.

நேற்றுதான் பிப்ரவரிக் கூட்டம். லொரெட்டாவுக்கு இன்று விமானம். ஆர்டிஸ் ஜலதோஷத்தோடு வீட்டில் படுத்துவிட்டாள், நான் மட்டும் போனேன். ஒருவரிடம் ஒரு பொருளை வேண்டும் என்று வாய்விட்டு நான் கேட்டதே கிடையாது. கல்யாணத்துக்குக்கூட ஆர்டிஸிடம், "அப்போ நாம இப்படியே போயிட்டிருக்கலாமா?" என்றுதான் கேட்டேன். லொரெட்டா மேஜை முன்னால் போய் நின்றேன். பனியைப் பற்றிச் சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"லொரெட்டா, உங்ககிட்ட இருக்கிற அந்தப் படகுக் கார்டு எனக்கு வேணும்."

லவோன் உட்கார்ந்துவிட்டாள்.

"எது, இதுவா?" என்று அவள் எடுத்தாள். "இதைத்தானே உங்க வீட்டம்மாகிட்ட நீட்டினேன். வேண்டாம்னுட்டாங்களே."

"அது வேண்டாம் இல்லைங்க."

"பின்ன?"

"அது முதல் வேண்டாம்."

"மொத்தம் எத்தனை இருக்கு?"

"மூணு."

லொரெட்டா என்னைப் பார்த்தாள், லவோனைப் பார்த்தாள், அந்த அறையில் இருந்த எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "இதைப் பலகையில எழுதி ஊர் வாசல்ல மாட்டி வைக்கக்கூடாதா? இத்தனை நாளா நான் எத்தனை பேரைப் பட்டினி போட்டேனோ தெரியலையே! சரி, பதிலுக்கு என்ன கொண்டுவந்தீங்க?"

என் தகட்டுக் கார்டை நீட்டினேன்.

"என்ன இது?"

"ஃபர்னஸ்."

"அசிங்கமா இருக்கு ஹார்லன்" என்றாள். அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். ஜிகினா மின்னியது. "நிஜமாவே அசிங்கம். எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, குடுங்க." நான் சொல்கிறேன் அக்கா, பிறந்ததிலிருந்து என்னை யாரும் இவ்வளவு சந்தோஷப்படுத்தியது இல்லை. வித்தியாசமாக இருக்கிறது என்று கேட்டுக்கேட்டுப் புளித்த காதுக்கு அந்த ஒரு அசிங்கம் அமிர்தமாக இருந்தது. என்னை வேறு கட்டிப்பிடித்துவிட்டாள். நூலகத்தில், எல்லார் முன்னாலும். அதை லவோன் உனக்கு எப்படிச் சொல்லியிருப்பாள் என்று தெரியாது. என்னைக் கேட்டால், பயந்துபோய் நின்றேன் என்பதுதான் உண்மை.

காரில் உட்கார்ந்துதான் கார்டைச் சரியாகப் பார்த்தேன். சிவப்புத் தொப்பி போட்ட ஒருவன் படகில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருக்கிறான். சரி, மர்மம் விலகியது. வீட்டுக்கு வந்து போர்வைக்குள் இருந்த ஆர்டிஸிடம் நீட்டினேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "லொரெட்டா குடுத்தாளா?" என்றாள். "நான் கேட்டேன்" என்றேன். "கேட்டியா? நேராவா?" என்றாள். "நேராத்தான். வேணும்னு சொன்னேன்." அக்கா, அவள் ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "தேங்க்ஸ் ஹார்லன்" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது, ஜலதோஷமாகவும் இருக்கலாம். எழுந்துபோய் அவள் கையாலேயே நடுப்பையில் சொருகிவிட்டு வந்து படுத்தாள். எட்டு வருஷ ஏக்கத்தைத் தீர்த்துவைத்த நிம்மதியில் நான் நன்றாகத் தூங்கினேன்.

ஆகவே இதனால் உனக்கும் அத்தானுக்கும் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், வாயைத் திறந்து கேட்டால் கிடைக்கும், பெண்டாட்டி மனதில் இருப்பதைப் புரிந்துகொள்ளக் கட்டின கணவனுக்கு ஜாடையே போதும். எங்கள் இருவருடைய அன்பும் ஜெபமும் என்றும் உங்களோடு. அத்தானின் முழங்காலைக் கர்த்தர் சீக்கிரம் வளையச் செய்வாராக. பிள்ளைகள் கேட்டால் மாமா சுமாராக இருக்கிறார் என்று சொல்லவும்.

இப்படிக்கு,
அன்புத் தம்பி,
ஹார்லன்

பி.கு.: தபால்தலை ஆர்டிஸிடம் இருந்ததால் கடிதம் அவள் கைக்குப் போயிற்று. முழுக்கப் படித்துவிட்டாள். "ஹார்லன், அன்னைக்கு நான் வேண்டாம்னு சொன்னது வேண்டாம்னுதான்" என்கிறாள். முதல் வேண்டாம் இல்லையாம், அசல் வேண்டாமாம். வாழ்க்கையில் அவள் சொன்ன ஒரே அசல் வேண்டாம் அதுதானாம், அதை லொரெட்டா ஒருத்திதான் சரியாகப் புரிந்துகொண்டாளாம். "எட்டு வருஷமா அந்தப் படகுல நான் யாரை வேணாலும் உக்கார வச்சேன். எங்கம்மாவை வச்சேன். லவோனை வச்சேன். பாதி நாள் உன்னை வச்சேன், கோவம் வந்தா நட்டநடு ஏரியில இறக்கி விட்டேன். இப்போ தொப்பி போட்டுக்கிட்டு எவனோ சாண்ட்விச் தின்னுட்டிருக்கான், அவன் எவன்?" என்றாள். அப்படியென்றால் நேற்று ஏன் வாங்கிக்கொண்டாய் என்று கேட்டேன். "நீ ஒருத்தர்கிட்ட வாய்விட்டு வேணும்னு கேட்டுட்டு வந்து நிக்கிற. உன்னை எப்படி வேண்டாம்னு அனுப்பறது?" என்றாள். போய்ப் பார்த்தேன். நடுப்பையில் கார்டை முகம் உள்பக்கமாகத் திருப்பித்தான் சொருகியிருக்கிறாள், வெளியே 'ஒன்பதில் ஐந்து' மட்டும் தெரிகிறது. கேட்கக் கற்றுக்கொண்டேன் அல்லவா, இதையும் நேராகவே கேட்டுவிட்டேன்: "இப்போ படகுல யாரு?" பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "நீதான். ஆனா அடியில ஓட்டை விழுந்து தண்ணி ஏறிட்டிருக்கு."